சரளாவின் இழுவை வண்டி

கோவளத்தில் மீன் விற்கும் சரளாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. அப்பேர்ப்பட்டவளையே பெருங்களத்தூர் தரகன் ஒருவன் ஏமாற்றிவிட்டான்.

கணவன் பூவராகனுக்குத் தோள்பட்டை போய்விட்டது. வலை இழுக்க முடியாது, வண்டி ஓட்டலாம். உடைந்த படகுகளை டிரெய்லரில் ஏற்றிப் பட்டறைக்கு இழுத்துப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கினாள். இன்ஜினுக்குக் காது கொடுத்தாள், கிளட்சை மிதித்துப் பார்த்தாள், டயரைக்கூடத் தட்டினாள். இதற்கு முன் அது எதை ஏற்றியது என்று மட்டும் கேட்கவில்லை.

பின்புறத் தகட்டைக் கழற்றிய மெக்கானிக்தான் சொன்னார், அது அமரர் ஊர்தியாக ஓடிய வண்டி என்று. பெட்டியைத் தள்ளி ஏற்றும் தண்டவாளம் அடியில் அப்படியே இருந்தது.

"வெளிய சொல்லாத. பெயிண்ட் அடிச்சிட்டா எவனுக்குத் தெரியப் போவுது?" என்றான் பூவராகன்.

"நேத்து மீன இன்னிக்கி மீனுன்னு வித்தவளா நானு?"

மறுநாள் மீன் ஏலத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிழைக்கத் தெரியாத ஜென்மம். விளைவு, ஒருவனும் படகை மாட்டவில்லை. பிணம் போன வண்டியில் படகு போனால் கடல் விளங்குமா?

இருந்தாலும் வண்டியை அவள் கைவிடவில்லை. உப்புக் காற்றில் துரு ஏறாமலிருக்க நல்ல தண்ணீரில் கழுவி, அடியில் படுத்துப் பழைய ஆயிலைப் பூசினாள். ரேடியேட்டர் குழாயை மாற்றினாள். பூவராகன் தினமும் இன்ஜினைப் போட்டு, உறுமவிட்டு, அணைப்பான். பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவே பாவமாக இருக்கும்.

ஒருநாள் பரணி வந்தான். அவன் படகு அடிப்பாகம் பிளந்து கரையில் கிடந்தது. வண்டியின் பின்கதவில் இருந்த ஒடுக்கைத் தடவிக்கொண்டு நின்றான்.

"அக்கா, இத நான் பாத்துகீறேன். கொரோனா அப்ப எங்கம்மாவ எடுத்தாற எவனும் வரல. மாமன் மச்சானே அந்தாண்ட நின்னுட்டான். இந்த வண்டிதான் வந்துச்சி."

 சரளாவுக்குக் கண் நிறைந்தது.

பரணியே டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினான். படகு ஏறியதும், "முன்னால ஏறிக்கோ, பரணி" என்றான் பூவராகன்.

"வேணாம்ணா. அன்னிக்கி இது பின்னால நடந்து வர்றதுக்கு என்னிய வுடல. இன்னிக்கி நடந்தே வரேன்."

பட்டறை வரைக்கும் பூவராகன் முதல் கியரை மாற்றவே இல்லை.