வெயிலில் வைத்த படம்

2024 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. ஆறு ஐம்பதுக்கு எழுந்தேன். ஞாயிறுகளில் எங்கள் கட்டடத்தில் சத்தம் போடக் கூடாது என்பதால் வாக்யூமை எடுக்காமல் தரையை ஈரத் துணியால் துடைத்தேன். மூன்று மரக்கறி சமைத்தேன். பன்னிரண்டே காலுக்குச் சாப்பிட உட்கார்ந்தோம்.

பதினைந்து வயது மகள், வியாழக்கிழமை வகுப்பில் பேச வேண்டியதைச் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை பார்த்தாள். சந்திரனுக்குப் போனவர்கள் அங்கே விட்டுவிட்டு வந்த பொருட்கள் பற்றிய பேச்சு. சப்பாத்துகள், கமெராக்கள், ஒரு சுத்தியல், ஓர் இறகு, இரண்டு கோல்ஃப் பந்துகள். மலம் கட்டிய பைகளையும் விட்டுவிட்டு வந்தார்கள் என்றபோது நான் கரண்டியைக் கீழே வைத்தேன். ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கழுவி எண்ணிப் பொதி செய்வது என் வேலை. ஒரு கத்தரிக்கோல் குறைந்தாலும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வர மாட்டேன்.

"அம்மாவை அனுப்பியிருக்க வேணும்," என்றார் கணவர். "சந்திரனையே கூட்டித் துடைச்சு, பையளை எண்ணி, ஆரிட்டயாவது கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்திருப்பா."

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கடைசியாக ஒரு குடும்பப் படத்தைப் பற்றிச் சொன்னாள். போனவர்களில் ஒருவர், தானும் மனைவியும் இரண்டு பையன்களும் இருக்கும் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த மண்ணில் வைத்துவிட்டு வந்தாராம்.

"அது இப்பவும் அங்க கிடக்குதோ?" என்று கேட்டேன்.

"கிடக்கும். ஆனா முகம் இருக்காது அம்மா. அந்த வெயிலுக்கு வெளிறி, வெறும் வெள்ளைத் தாளாப் போயிருக்கும் எண்டுதான் சொல்லினம்."

என் கண் ஜன்னல் பக்கம் போனது.

அங்கே எங்கள் மூத்த மகனின் படம் இருக்கிறது. 2004இல் மூன்று மாதம் முந்திப் பிறந்து இரண்டு நாள் மட்டும் உயிரோடு இருந்தவன். எடுத்த உடனேயே படம் வெளியே வரும் கமெராவில் ஒரு தாதி எடுத்துத் தந்தது. வேறு படம் இல்லை, பிரதியும் இல்லை. கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வராத பிள்ளை, வெயிலைக் கண்டதே இல்லை. அதனால்தான் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நல்ல வெயில் விழும் தெற்கு ஜன்னலில் வைத்தேன். சனிக்கிழமைதோறும் துடைக்கிறேன்.

எடுத்து வந்து குசினி விளக்கின் கீழே பிடித்தேன். போர்வையின் நீலக் கோடு தெரிந்தது. மூக்குக் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்டரின் ஓரம் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் படர்ந்த வெள்ளை. முந்தின நாள்தான் துடைத்தேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் துடைத்தேன். எதைப் பார்த்தேன்?

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார். "ரெண்டு வருசமாத் தெரியும். நீர் துடைக்கேக்க அவனோட கதைச்சுக்கொண்டு நிப்பீர். நான் என்னெண்டு சொல்லுறது?"

கதிரையில் உட்கார்ந்தேன். பிறகு, வருடா வருடம் நான் நாட்குறிப்பு எழுதும் கொப்பிகளில் 2004ஆம் ஆண்டுக் கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்தேன். பிறந்த நேரம் இருந்தது. 1,140 கிராம், 37 சென்டிமீட்டர். எத்தனை மணிக்கு எத்தனை மில்லி பால், எந்த வைத்தியர் எத்தனை மணிக்கு வந்தார், எல்லாம் இருந்தன. முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த இரண்டு நாளையும் மூன்று தரம் வாசித்தேன். படம் இருக்கிறதே என்று எழுதாமல் விட்டிருப்பேன்.

தன் பேச்சுக்கு வேறு தலைப்பு எடுக்கட்டுமா என்று மகள் மெல்லக் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை ஐந்து பத்துக்கு எழுந்தேன். தேத்தண்ணீர் வைக்கவில்லை. கணவரை எழுப்பிப் பக்கத்தில் இருத்தி, அந்தப் பழைய கொப்பியில் மில்லிக் கணக்குக்குக் கீழே மிஞ்சியிருந்த இடத்தில் எழுதத் தொடங்கினேன். நெற்றியில் மெல்லிய மயிர். கீழுதடு உள்ளே மடிந்திருந்தது. இடது புருவம் சற்று மேலே. அவர் வலது என்றார். இரண்டையும் எழுதினேன்.