பம்புக்கு ஊற்றிய தண்ணீர்

என் மனைவி இறந்த மாதத்திலேயே எங்கள் வீட்டுக் கைப்பம்பும் நின்றுபோனது. முதல் செய்தியைக் கேட்டு அம்பத்தூரில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் வந்து போனார்கள். இரண்டாவதைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. எனக்கோ அந்த நாட்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் பட்டன. ஜுரம் என்று படுத்தாள், போய்விட்டாள். பம்பை அடித்தேன், தண்ணீர் வரவில்லை. சரி என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

பம்பு நின்றதற்குக் காரணம் எங்கள் தெருப் பழக்கம்தான் என்பது பிறகு தெரிந்தது. சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிகிறவரை அடுப்பு மூட்டுவதில்லை. பங்காளி வீட்டிலிருந்து சோறு வரும். எங்கள் தெருவில் தண்ணீரும் வரும். பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். துக்க வீட்டார் தண்ணீர் இறைக்கக் கூடாதாம். அதனால் பதினாறாம் நாள் வரைக்கும் கொல்லையில் இருந்த பம்பை ஒருவரும் தொடவில்லை. அதன் வயிற்றுக்குள் தண்ணீரை இழுக்கும் ஒரு தோல் வாஷர் இருக்கிறது. அது ஈரத்திலேயே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். நல்ல வெயில் காலம். காய்ந்து சுருங்கிவிட்டது.

என் மனைவிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தினம் காலையில் எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைப் பம்பின் தலையில் ஊற்றிவிட்டுத்தான் கைப்பிடியைத் தொடுவாள். ஏதோ சாமிக்குச் செய்வது போல அதையும் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு வீட்டில் நானும் என் பெண்ணும் மட்டும்தான். அவளுக்கு அப்போது ஆறு வயது. காலையில் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறிப் பட்டணத்து ஆபீசுக்குப் போவேன். மாலையில் வந்து கூட்டிக்கொள்வேன். குடிக்கத் தண்ணீரும் அந்த வீட்டிலிருந்துதான். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் குடத்தைக் கையில் வாங்கும்போது பார்வை தானாகத் தரைக்குப் போகும்.

அப்படியிருக்கையில் ஒரு சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால் வாசலில் கூண்டு வண்டி நிற்கிறது. பூந்தமல்லியிலிருந்து என் அக்காவும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். அக்கா ஏற்கெனவே வீட்டைக் கூட்டி, பாத்திரங்களைக் குவித்து, தேய்க்கத் தண்ணீர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடா இது, குடிக்கத் தண்ணி கூட இல்லாத ஊடு. பொட்டப்புள்ளைய இதுல எப்படி வுட்டுட்டுப் போறது? நாளைக்கிச் சாயங்காலம் நான் இட்டுகினு போறேன்."

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

"வளந்து ஆளாவற வரைக்கும்தான். என்னாண்ட மூணு பசங்க கீது, பொண்ணு இல்ல. நான் வளக்க மாட்டனா?"

அக்கா கெட்டவள் இல்லை. அதுதான் தொந்தரவு. கெட்டவளாக இருந்தால் போடி என்று சொல்லியிருப்பேன். எனக்கு என் பெண் வேண்டும். அந்த நாட்களில் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை, சோறு கூட. அவள் மட்டும் இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. ஆனால் அதைச் சொல்லத் தெரியவில்லை.

"நாளைக்குள்ள பம்புல தண்ணி வரும்க்கா" என்றேன்.

"வரட்டும், பாக்கலாம்" என்றாள்.

அதை நான் வாக்காக எடுத்துக்கொண்டேன். தண்ணீர் வந்தால் பெண் இங்கே, வராவிட்டால் பூந்தமல்லி. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கொல்லைக்குப் போனேன்.

இந்த வேலைக்கு ஊரில் ஒரே ஒரு ஆள் இருந்தான். யுத்தம் வந்ததும் ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகை போடுகிற வேலைக்குப் போய்விட்டான். கடையில் வாஷர் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். இரும்பும் தோலும் எல்லாம் சண்டைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஆகவே நானேதான். ஆபீசில் பேனா பிடிக்கிறவனுக்குப் பம்பைப் பிரிக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு மணி நேரம் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்ஷாப் ஆள். அவரிடம் ஒரு ஸ்பானர் கிடைத்தது. பம்பின் கழுத்தில் இருந்த நட்டு துருப்பிடித்து இரும்போடு இரும்பாகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டால் இளகும் என்றார். விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லை. நல்லெண்ணெய் விட்டேன். தட்டினேன். ஸ்பானர் வழுக்கி, விரல் மூட்டுகள் பம்பில் உரசித் தோல் உரிந்து வந்தது. ரத்தம் கைப்பிடியில் இறங்கியது. நான் அதை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலித்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

அக்கா புருஷன் வேப்பமரத்து நிழலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். வேலை செய்கிறவனை விட்டு வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.

"மச்சான், இப்படித் திருப்பினா இறுகும். அப்படித் திருப்பு."

"அப்படித்தான் மாமா திருப்பறேன்."

"அப்ப இப்படித் திருப்பிப் பாரு."

வெயில் சாயும் நேரத்துக்கு நட்டு கழன்றது. உள்தண்டை உருவினால், நுனியில் இருக்க வேண்டிய தோல் பழைய அப்பளம் மாதிரி கையில் பொடிந்தது. என் பழைய செருப்பு ஒன்றை அறுத்து, வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு மாட்டினேன். குழாய்க்குள் போக மாட்டேன் என்றது. ஓரத்தைச் செதுக்கினேன். போனது. பிறகு வெளியே வர மாட்டேன் என்றது. மாமாவும் எழுந்து வந்து என்னோடு சேர்ந்து இழுத்தார். இரண்டு பேரும் செருப்புத் துண்டோடு பின்பக்கமாகக் கொல்லையில் விழுந்தோம்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து என் பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அக்கா அவள் தலையில் பேன் பார்த்துக்கொண்டே ஏதோ கதை சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா போன பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். இந்தப் பம்பைச் சரிசெய்தால் அந்தச் சத்தம் வீட்டிலேயே இருக்கும் என்று நினைத்து மறுபடியும் குனிந்தேன்.

மாட்டுக் கொட்டகை ஞாபகம் வந்தது அப்போதுதான். எங்கள் அப்பா காலத்தில் கவலை ஓட்டினார்கள். மாடு கட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கிற அந்தக் கவலைக்குத் தோல்பை உண்டு. நிலம் போய், மாடு போய், தோல்பை மட்டும் கொட்டகைக் கூரை வாரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துண்டை அறுத்துத் தவலையில் மிச்சமிருந்த தண்ணீரில் ஊறப்போட்டேன். குடிக்க வைத்திருந்த தண்ணீர். அக்கா பார்த்தாள். பக்கத்து வீட்டுக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு அவளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோல் இளகியிருந்தது. அதைக் கிண்ணம் போலக் குழிக்க வேண்டும். அரிசி அளக்கிற ஆழாக்கின் அடியில் போர்த்தி, கயிற்றால் இறுக்கி, நிழலில் வைத்து, எண்ணெய் தடவி, மறுபடி இறுக்கி, அது ஒரு உருவத்துக்கு வர உச்சி வேளை ஆகிவிட்டது. அக்கா கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கூப்பிட்டாள். போகவில்லை. அவர்கள் மூவரும் உட்கார்ந்து சாப்பிடுகிற சத்தம் கொல்லை வரைக்கும் கேட்டது.

தோலை மாட்டி, தண்டை இறக்கி, நட்டை முடுக்கி அடித்தேன். காற்று. இன்னும் வேகமாக அடித்தேன். ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்தது, அவ்வளவுதான். மறுபடியும் பிரித்தேன். தோல் நன்றாகத்தான் இருந்தது. மாட்டினேன். காற்று. பிரித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. மாமா வண்டி மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து பார்த்தார். இந்த முறை யோசனை ஏதும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் போனது எனக்குப் பயமாக இருந்தது.

தண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாழையடியில் உட்கார்ந்தேன். கிண்ணத்தின் வாய் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. கவிழ்த்து வைத்த கிண்ணத்தில் எந்த ஊரில் தண்ணீர் நிற்கும்? தலைகீழாக மாட்டியிருக்கிறேன். வேறொரு நாளாக இருந்தால் என்னையே நான்கு வார்த்தை திட்டியிருப்பேன். அன்று கோபம் கூட வரவில்லை. தோலைத் திருப்பி, வாய் மேலே பார்க்க மாட்டினேன்.

அடிக்க ஆரம்பித்ததும் கீழே எங்கோ பிடித்தது மாதிரி கைக்குத் தெரிந்தது. உடனே விட்டுப்போனது. மேலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே அடித்தால்தான் ஏறும் போலிருந்தது. சொம்பை எடுக்கக் கைப்பிடியை விட்டால் ஏறினது இறங்கிவிடுகிறது.

"நைனா, நான் ஊத்தறேன்."

என் பெண் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்து, பம்பின் தலையில் மெதுவாக ஊற்றினாள். அவள் அம்மா ஊற்றுகிற மாதிரியே, நூலாக. தினம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். நான் அடித்தேன். கைப்பிடி கனத்தது. இன்னும் கனத்தது. பிறகு பம்பு இருமி, செம்மண் கரைத்தது போல ஒரு வாய் துப்பியது. அதன் பின் நிற்காமல் வந்தது. கலங்கல் தெளிந்து, அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்து நிலத்தடித் தண்ணீருக்கு உண்டான அந்த இரும்பு வாசனையோடு நல்ல தண்ணீர் வந்தது.

அக்கா புழக்கடைக் கதவருகே வந்து நின்றாள்.

"தண்ணி வந்துடுச்சுக்கா" என்றேன்.

"வந்துடுச்சு. கண்ணால பாத்தேன். நல்லா வருது."

"அப்ப பொண்ணு இங்கியே இருக்கட்டும்."

அக்கா கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தாள். அதில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னதுடா அது. தண்ணிக்காகவா இட்டுகினு போறேன்? நாளைக்கிக் காலைல நீ ரயிலேறிப் பூடுவ. இத்த யாரு அடிப்பாங்க? கல்லு மேல ஏறி நின்னா கூட புள்ளைக்குக் கைப்பிடி எட்டாது. நீ வர்ற வரைக்கும் அது இன்னொருத்தர் ஊட்டு வாசல்ல குந்திகினு இருக்கணும். தெனமும்."

நியாயமான பேச்சு. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். குடம் நிறைந்து வழிந்தது. அக்கா அந்தத் தண்ணீரிலேயே என் பெண்ணுக்குத் தலைக்கு ஊற்றினாள், புகை காட்டினாள், பின்னலிட்டாள், நல்ல பாவாடையைக் கட்டிவிட்டாள். இரண்டு நாள் மாடாக உழைத்து, என் பெண் ஊருக்குக் கிளம்பக் குளிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

போக இஷ்டமா என்று அவளைக் கேட்டேன்.

"அத்தை ஊட்ல கன்னுக்குட்டி கீதாம்" என்றாள். பிறகு, "நீ வர்லியா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

வெளிச்சம் இருக்கும்போதே செம்பரம்பாக்கத்துப் பக்கமிருக்கும் தன் நிலத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மாமா அவசரப்பட்டார். அந்தப் பொழுதில் அங்கே போய்ச் சேர முடியாது என்று அவருக்கும் தெரியும். நிற்பதற்கு அவருக்கும் கஷ்டமாக இருந்திருக்கலாம். வண்டி நகர்ந்தது. கூண்டுக்குள்ளிருந்து என் பெண் தலையை நீட்டினாள்.

"நைனா, பம்புக்கு மேல தண்ணி யாரு ஊத்துவாங்க?"

"நானே ஊத்திக்கிறேன்."

"அடிக்கிறது?"

"அதுவும் நானே."

அவள் அதை யோசித்தாள். முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. சொல்வதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

கொல்லைக்கு வந்தேன். துவைக்கிற கல்லின்மேல் அவள் வைத்த சொம்பு அப்படியே இருந்தது. இடது கையால் சொம்பைச் சரித்துக்கொண்டு வலது கையால் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் பாதி பம்பிலும் பாதி என் காலிலும் விழுந்தது. இன்னொரு சொம்பு. இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. ஒரே ஆள் செய்துவிடலாம். அப்படித் தனியாகச் செய்ய முடிந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பம்பை அடித்துக்கொண்டே, என் மனைவி போன பிறகு முதல் தடவையாக, அழுதேன். தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அடியில் நான் குடம் வைத்திருக்கவில்லை.