என் சட்டைப் பையில் இருந்த கடை நம்பர்

போன வருஷம் ஒரு நாள் காலை, சீகிரியாவில் ஒரு விடுதியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இனாமலுவைச் சந்தியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். யாரோடும் சண்டை இல்லை. நான்கு மாதம் கட்டில் விரிப்பு மாற்றியது போதும் என்று தோன்றியது, கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் அப்படித்தான். மிளகுத் தோட்டம், செங்கல் சூளை, லொறி என்று பல வேலை பார்த்தாயிற்று. எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. சில நாள் சாப்பாடு இருக்கும், சில நாள் இருக்காது. அதற்கும் பழகிவிட்டது.

சட்டைப் பையில் இருந்த பழைய போன் ஒரு மணி நேரமாகக் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. ஆறு இலக்க இரகசிய எண், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று ஆங்கிலத்தில் செய்தி. வந்த மூன்றையும் அழித்தேன். பிறகு அழைப்பு வந்தது. ஒரு பெண் பிள்ளை.

"அண்ணே, உங்க போனுக்கு ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வந்திருக்குங்களா? அத கொஞ்சம் சொல்லுங்களேன்."

இப்படி நம்பர் கேட்டு ஏமாற்றுகிறவர்களைப் பற்றி விடுதியில் தினமும் ஒரு கதை சொல்வார்கள். "வேற ஆளப் பாரு தங்கச்சி" என்று வைத்துவிட்டேன்.

உடனே மறுபடி அடித்தது. "வச்சிராதீங்க அண்ணே! நான் மாத்தளையில பிரதேச செயலகத்துல இருந்து பேசுறேன். எனக்கு யுனிவர்சிட்டி, கெம்பஸ் கிடைச்சிருக்கு. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள ஒன்லைன்ல பதியணும். அந்த நம்பர் இல்லாம உள்ள போக விட மாட்டேங்குது."

"எல்லாரும் பேங்க்ல இருந்து பேசுறேன்னு சொல்லுவாங்க. நீ கவர்மென்ட் கந்தோர்ல இருந்துங்குற. கெட்டிக்காரிதான்."

போன் கை மாறியது. ஒரு சிங்கள அம்மா, தெரிந்த தமிழில் பேசினார். "மாத்தயா, நான் இங்க ஒபிஸர். இது நல்ல பிள்ள. நம்பர் குடுங்கோ."

"ஒபிஸர் வேஷத்துக்கும் ஆள் வச்சிருக்கீங்களா?" என்றேன். எனக்கு அப்போது பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு.

பிள்ளை போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இந்த முறை குரலில் கோபம். "நம்பரச் சொன்னா பேங்க் காசு போயிரும்னு பயமா? அப்படி எத்தன லட்சம் வச்சிருக்கீங்க?"

நடு ரோட்டில் அப்படியே நின்றேன். எனக்கு பேங்க் கணக்கே கிடையாது. என்னிடம் இருந்து எடுத்துக்கொண்டு போக ஒன்றுமே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"சரி, என் நம்பர் ஒனக்கு எப்படிக் கிடைச்சிச்சு?"

"இது உக்குவளை கொமினிகேஷன் கடை நம்பர்தானே? அப்ளிகேஷன் போடுறப்ப எங்க வீட்டுல போன் இல்லன்னேன். அங்க இருந்த ஒல்லி அண்ணன் ஒருத்தர், வாய் மூடவே மாட்டாரு, 'கடை நம்பரப் போட்டுருவோம், ஒன்னும் ஆவாது'ன்னாரு. அவர நம்பினதுக்கு நல்லா வேணும் எனக்கு."

விடுதிக்குப் போகுமுன் அந்தக் கடையில் மூன்று மாதம் இருந்தேன். போட்டோ கொப்பி எடுப்பேன், பிள்ளைகளுக்கு ஒன்லைன் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். கடைக்குப் புது நம்பர் வந்ததும் முதலாளி பழைய போனை சிம்மோடு எனக்கே கொடுத்துவிட்டார். நானும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன்.

"தங்கச்சி, அந்த ஒல்லி அண்ணன் நான்தான்" என்றேன்.

"ஐயோ!" என்றாள். பிறகு, "திட்டுறத அப்புறம் திட்டுறேன். புது நம்பர் அனுப்பச் சொல்றேன், வந்ததும் சொல்லுங்க" என்றாள்.

அதோடு லைன் போய்விட்டது. இரண்டு பக்கமும் காடு. போனில் ஒரு கோடு கூட இல்லை. மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. வந்த வழியே திரும்பி ஓடினேன். எதிரே வந்த ஆட்டோக்காரர் நிறுத்தி, யானை துரத்துகிறதா என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு பிள்ளையின் கெம்பஸ் போகப் போகிறது, சிக்னல் வேண்டும் என்றேன். வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் என்னை ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

ஒரு பெட்டிக்கடை வாசலில் நின்றதும் செய்தி வந்து விழுந்தது. அழைத்துச் சொன்னேன். அந்த நம்பருக்கு நேரம் கடந்துவிட்டது, இனி செல்லாது என்றாள். இன்னொன்று கேட்டாள். இந்த முறை போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்ததும் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு அங்கே யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. ஆட்டோக்காரர் என் முகத்தையே பார்த்தார்.

திடீரென்று போனுக்குள் ஒரே கூச்சல். "ஹரி! ஹரி!", சரியாகிவிட்டது என்று அந்த ஒபிஸர் அம்மா சிங்களத்தில் கத்துவது கேட்டது. யாரோ கை தட்டினார்கள். "உள்ள போயிருச்சு அண்ணே! பதிஞ்சாச்சு!" என்று அந்தப் பிள்ளை அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். விஷயம் புரிந்த ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். கடைக்கார அம்மா எங்கள் இருவருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அவருக்குக் கடைசி வரை என்ன நடந்தது என்று தெரியாது, ஆனாலும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

பிள்ளை மறக்காமல் திட்டவும் செய்தாள். முடிவில், "எங்க தோட்டத்துல இன்னும் ஏழு பேருக்கு நீங்கதான் அப்ளிகேஷன் போட்டுக் குடுத்தீங்க. எல்லாத்துக்கும் இதே நம்பர்தான். ஹொஸ்டல், உதவிப்பணம் பத்தின மெசேஜ் எல்லாம் இதுக்குத்தான் வரும். காட்டுக்குள்ள போயிராதீங்க அண்ணே" என்றாள்.

அன்றைக்கே தம்புள்ளை போய் பஸ் ஏறினேன். மறுநாள் காலை உக்குவளைக் கடை திறக்கும்போது வாசலில் நின்றேன். முதலாளி என்னைப் பார்த்து, "என்னடா, ஊரெல்லாம் முடிஞ்சிருச்சா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் என் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டார். முதல் வேலையாக அந்த ஏழு பிள்ளைகளையும் தேடிப்பிடித்து, வீட்டில் யாருடையதாவது ஒரு நம்பரைக் கேட்டு வாங்கி மாற்றிக் கொடுக்கத் தொடங்கினேன். ஆறு மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. நான் சும்மா சொல்லிவிட்டுப் போகிற ஒரு வார்த்தையை நம்பி ஒரு பிள்ளை எங்கேயோ காத்திருக்கக்கூடும் என்று தெரிந்த பிறகு, எனக்கு இந்த நாற்காலியை விட்டு எழுந்து போக மனம் வரவில்லை.