சும்மா உட்கார்ந்திருந்த அம்புரோஸ்

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு. மேலே இருக்கிற தாவர ஆராய்ச்சிக்கூடத்தில் அம்புரோஸுக்கு உட்காருவதற்கே சம்பளமாம். விசாரித்ததில் இது அபாண்டம் என்று தெரிந்தது. எழுந்து நின்றாலும் அவருக்கு அதே சம்பளம்தான்.

கண்ணாடிக்கூடத்தின் நடுவில் விஞ்ஞானி இந்துமதி மேடத்தின் அறை. இடப்பக்கம் புகையிலைச் செடிகள், வலப்பக்கம் தேயிலை நாற்றுகள். தேயிலை அறையின் வாசலில் ஓர் இரும்பு ஸ்டூல். அதன்மேல், மனைவி ஜெஸிந்தா வேளாங்கண்ணிப் பையைப் பிரித்துத் தைத்த குஷன். அதன்மேல் அம்புரோஸ்.

மேடம் "தண்ணி!" என்று கத்துவார். அது புகையிலைக்கு. ஆனால் சத்தத்துக்கு இடது வலது தெரியுமா? தேயிலைப் பக்கம் வேலை செய்யும் ரேச்சல், தாமதத்துக்காக ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவள்; உடனே பைப்பைத் தூக்குவாள். வாசலை அடைத்திருக்கும் அம்புரோஸ் திரும்பாமலேயே உள்ளங்கையைக் காட்டுவார். "உனக்கில்ல புள்ள." பைப் கீழே போகும். அவ்வளவுதான். அதையும் ஒரு வேலை என்று அவரே நினைத்ததில்லை.

சிக்கனம் பண்ண கோயம்புத்தூரிலிருந்து தினகரன் என்றொரு மேனேஜர் வந்தார்.

"நீங்க என்னதான் பண்றீங்க?"

"உக்காந்திருக்கறேனுங்க சார்."

"அப்புறம்?"

அம்புரோஸ் நேர்மையாக யோசித்தார். "மத்தியானம் சாப்பிடுவேனுங்க."

ஸ்டூலோடு கேட்டுக்கு அனுப்பப்பட்டார். மாதக் கடைசிக்குள் கண்ணுக்குத் தெரிகிற வேலை ஏதும் செய்யாவிட்டால் வீட்டுக்கு. வீட்டிலோ பழைய கூரையைப் பிரித்தாயிற்று, புதுசு பாதியில் நிற்கிறது, மழை வருகிறது. குஷனை மட்டும் தினகரன் தன் நாற்காலிக்கு எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே மேடத்தின் சொற்பொழிவு. "இன்சுலேட்டர்ங்கறது ஒரு டி.என்.ஏ. துண்டு. அது எந்தப் புரதத்தையும் உண்டாக்காது. ஒரு மரபணுவ முடுக்கிவிடற துண்டு, பக்கத்து மரபணுவையும் சேர்த்து எழுப்பிடாம பாத்துக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருந்தாத்தான் அது நடக்கும். எடுத்து ஓரமா வெச்சா பிரயோஜனமில்ல. தாவரங்கள்ல இப்பத்தான் ஒண்ணொண்ணா தேடிட்டிருக்கோம். சும்மா கெடக்குதுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க!"

எல்லாரையும்விட பலமாகக் கை தட்டியவர் தினகரன். கேட்டில் இருந்த அம்புரோஸ், யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு "தண்ணி!"க்கும் புகையிலையோடு தேயிலையும் நனைந்தது. நாற்றுகள் வேரழுகிச் சாய்ந்தன. மேடம் பூஞ்சையைச் சந்தேகித்து மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார். தினகரன் பெரிய ஃபேன் ஒன்றுக்கு ஆர்டர் போட்டார். கடைசியில் அழுதது ரேச்சல்தான்.

"நீங்க கூப்புட்டீங்க, நான் ஊத்துனேனுங்க மேடம். எனக்கில்லைன்னு சொல்ல அம்புரோஸ் அண்ணன் இல்லீங்களே!"

மேடம் காலி வாசலைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். பிறகு தினகரனைப் பார்த்தார்.

"அன்னைக்கு ரொம்ப பலமா கை தட்டுனது நீங்கதான?"

ஸ்டூல் பழைய இடத்துக்கு வந்தது. மிச்ச நாற்றுகள் பிழைத்தன, கூரையும் முடிந்தது. தினகரன் இந்த ஏற்பாட்டுக்குத் 'திட்டமிட்ட மறுசீரமைப்பு' என்று பெயர் வைத்து, தலைமையகத்தின் பாராட்டையும் வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் பனியில் இரும்பு ஸ்டூல் ஐஸ் கட்டி. அம்புரோஸ் மேனேஜர் அறைக்குள் தலையை நீட்டினார்.

"ஏனுங் சார், அந்தக் குஷனு..."

"நாளைக்குப் பாக்கலாம் அம்புரோஸ்" என்றார் தினகரன், எழுந்திருக்காமல்.