லின்ட்சேப் பண்ணையில் வெப்பக் கமரா பார்த்த இரவு

இரவு வேட்டைக்கு எந்த வெப்பக் கமரா வாங்கலாம் என்று கேட்டு இப்போதும் சிலர் எனக்கு எழுதுகிறார்கள். நான் வேட்டைக்காரன் இல்லை. துவக்கைக் கண்டால் விலகிப் போகிறவன். 1997 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, குணம் அண்ணையின் வற்புறுத்தலில் லின்ட்சேப் பக்கத்துப் பண்ணை ஒன்றுக்குப் போய்வந்ததுதான் என் முழு அனுபவம்.

குணம் அண்ணை வோபர்னில் இறைச்சிக்கடை வைத்திருந்தார். அவருக்கு ஆடு கொடுக்கும் பண்ணைக்காரர் டக்கின் குட்டிகளைக் கொயோட்டி நரிகள் இரவில் இழுத்துக்கொண்டு போயின. இரவில் சுட டக் அனுமதிக் கடிதம் எடுத்துவிட்டார். இருட்டில் பார்க்க என்ன வாங்குவது என்பதுதான் கேள்வி. நான் மார்க்கம் நகரில் கமரா திருத்தும் வேலையில் இருந்ததால் என்னைப் பிடித்தார்கள்.

இரண்டு கருவிகளைக் கொண்டுபோனேன். ஒன்று துவக்கில் பூட்டும் ரஷ்யக் கண்ணாடி, 700 டொலர். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைக் கூட்டிப் பச்சையாகக் காட்டும். மற்றது, வீட்டுச் சுவரில் சூடு கசிவதைப் பார்க்கும் வெப்பக் கமரா. அதை வாங்கும் காசுக்கு ஒரு புதுக் கார் எடுக்கலாம் என்பதால், வார இறுதிக்கு 300 டொலர் வாடகை. அதற்கு வெளிச்சமே தேவையில்லை, சூடான உடம்பு வெள்ளையாகத் தெரியும்.

மாலை ஐந்தரைக்குக் குணம் அண்ணையின் வான் வண்டியில் புறப்பட்டோம். 115 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். எனக்கு இந்த நாட்டில் நிரந்தர வதிவிட உரிமை இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு தமிழர், பின்சீற்றில் துவக்குக் கண்ணாடி. பொலிஸ் மறித்தால் ஆட்டுக்குட்டிக் கதையை யார் நம்புவார்?

"உதுக்கேன் பயப்பிடுறாய்? நாங்கள் என்ன களவே எடுத்தனாங்கள்?" என்றார் குணம் அண்ணை. ஆனால் அவரும் மணிக்கு எண்பதுக்கு மேல் ஓடவில்லை.

டக் என்னை ஆட்டுக்கொட்டிலின் மேல்தட்டு யன்னலுக்குக் கூட்டிப்போனார். குணம் அண்ணை குளிருக்குப் பயந்து வானிலேயே இருந்துவிட்டார். வான் வேலிக்கு அப்பால், கேற்றடியில் நின்றது. நான் கமராவில் பார்த்து இடம் சொல்ல, டக் பச்சைக் கண்ணாடியால் குறிவைப்பதாக ஏற்பாடு. எட்டரை மணிவரை ஒன்றுமில்லை. பிறகு ஆஸ்பத்திரி ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து போனது. சத்தம் அடங்கிய பிறகு கமராவில் கண் வைத்தேன். வேலிக்கு உள்ளே, புல்லுக்குள் நீளமாக வெள்ளையாய் ஒன்று கிடந்தது.

"வேலிக்கு இடப்பக்கம், எண்பது மீட்டர்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

டக்கின் கண்ணாடியில் ஒரு மேடு மட்டும் தெரிந்திருக்கிறது. "பதுங்கிக் கிடக்கிறது," என்று குறிவைத்தார்.

நான் இன்னொரு தரம் பார்த்தேன். வெள்ளையின் முன்பக்கத்தில் இரண்டு முழங்கைகள் வெளியே தள்ளி நின்றன. நெஞ்சு நிலத்தில் படவில்லை. கைகள் காதைப் பொத்தியிருந்தன. ஹெலியோ பிளேனோ குண்டு போட வந்தால் அப்படிப் படுக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருந்தார்கள். அவரைக் காட்டிக் கொடுத்ததே என் வாய்தான்.

"சுடாதேங்கோ, அது அண்ணை," என்றேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. டக்குக்கு விளங்கவில்லை. துவக்குக் குழாயைப் பிடித்து மேலே தள்ளினேன். அவர் விரல் விசையில்தான் இருந்தது.

இறங்கி ஓடினேன். குணம் அண்ணை அப்படியே கிடந்தார். பக்கத்தில், எங்களுக்காகக் கொண்டுவந்த தேத்தண்ணிப் பிளாஸ்க்.

"ஹெலி போயிட்டுதோ தம்பி?"

"ஓம் அண்ணை. எழும்புங்கோ."

துவக்கைப் பற்றி அவருக்கு நான் சொல்லவேயில்லை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். கடைக்காரர் சொல்லும் தூரம், சூடாக ஏதோ இருக்கிறது என்று தெரியும் தூரம். அது என்னவென்று தெரியும் தூரம் மிகக் குறைவு. ஒரு நண்பரைப் புல்லில் படுக்கவைத்து, எங்கிருந்து மனிதன் என்று தெரிகிறது என அளந்து பாருங்கள். துவக்கு அப்போது வீட்டில் இருக்கட்டும். குளிரில் பற்றரி பாதி நேரம்கூட நிற்காது, ஒன்று கூடுதலாக எடுங்கள். இரவில் சுட உங்கள் இடத்தில் சட்டம் விடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். கூட வந்த எல்லோரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் யாருக்கும் இடம் சொல்லாதீர்கள்.

அவ்வளவு மங்கலான படத்தில் அது மனிதன் என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று டக் பிறகு பல தடவை கேட்டார். கமரா நல்லது என்று சொல்லி வைத்தேன். ஹெலி போகும்போது டக்குக்குப் பக்கத்திலேயே, மேல்தட்டுப் பலகையில், நானும் காதைப் பொத்திக்கொண்டு அப்படித்தான் படுத்திருந்தேன். இருட்டில் அவர் அதைக் காணவில்லை.