மூணாம் நம்பர் பஸ்

ஊர் என்ன பேசுகிறது என்று இணையத்தில் தேடிப் படித்துச் சொல்வதுதான் எங்கள் சின்ன கம்பெனியின் தொழில். ஒவ்வொரு பதிவுக்கும் கோபம், சந்தோஷம், சாதாரணம் என்று முத்திரை குத்துவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரகடம் ஃபேக்டரிகளுக்கு பஸ் விடுகிற ஒருவருக்காகப் படித்தபோது, மூணாம் நம்பர் பஸ்ஸுக்கு வந்ததெல்லாம் கோபம்தான். டிரைவரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். "எதுக்கும் ஒருநாள் ஏறிப் பாத்துடுங்களேன்" என்றார் அவர்.

ஏறினேன். வல்லக்கோட்டையில் நின்ற பஸ் நகரவே இல்லை. பக்கத்திலிருந்த பெண் போனில் தட்டினாள்: 'இன்னிக்கும் லேட். இந்த டிரைவர் திருந்தவே மாட்டாரு.' நான் தினமும் படித்த அதே வாசகம். தட்டிவிட்டு, முன்னால் காலியாக இருந்த சீட்டில் தன் பையை வைத்து இடம் பிடித்தாள்.

"ஏம்மா நிக்குது?"

"சுமதி அக்கா வூட்ல கொழந்தைக்குப் பால் குடுத்துகினு கீது சார். இப்பதான் வேலைக்குத் திரும்பிச்சு. டிரைவர் அண்ணன் வுட்டுட்டுப் போவமாட்டாரு."

"அப்புறம் ஏன் திட்டி எழுதறீங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "லேட்டானா சூப்பர்வைசர் எங்களத்தான கத்துவாரு? எழுதுவோம். அதுக்காக அக்காவ வுட்டுட்டு வரச் சொன்னமா?"

ஈரத்தலையோடு ஒருத்தி ஓடிவந்து ஏறினாள். பை விலகியது. பஸ் கிளம்பியது.

டிரைவரை மாற்ற வேண்டாம் என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண்ணின் அந்தப் பதிவுக்கு மட்டும் இன்றுவரை நான் முத்திரை குத்தவில்லை.