இன்னொரு தடவை கூப்பிடாத குரல்

அடியார்களே, போன வருசம் டுரியான் பழப் பருவத்தில் மலைக்காட்டில் வழி தவறினேன். உயிரோடு திரும்புவேன் என்ற நம்பிக்கை போய்விட்டது.

நான் பிறை ஊரில் லாரி ஓட்டினவன். மனைவி சரசு இறந்த பிறகு எங்கே போனாலும் தனியாகத்தான் போவேன். யாரிடமும், மகளிடம்கூட, சொல்ல மாட்டேன். அதில் நல்லதும் இருக்கு. யாரும் ஆறுதல் சொல்ல வர மாட்டாங்க. நினைத்த இடத்தில் உட்காரலாம்.

அன்றைக்கு ஆயர் ஈத்தாம் பக்கம் மலைமேல் இருக்கும் முனீஸ்வரரைக் கும்பிடப் போனேன். இறங்கும்போது மழை. அப்புறம் மேகம் வந்து பாதையை மூடிருச்சு. சறுக்கி விழுந்து முட்டி வீங்கிப் போச்சு. கைப்பேசியில் லைன் இல்லை.

அப்போது சரசு கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க."

அவள் குரலேதான். கீழே இருந்து வந்தது.

காட்டில் ஒரு தடவை கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது. மனுசன் என்றால் மறுபடியும் கூப்பிடுவான். நம்ம ஆளுங்களுக்குத் தெரிந்ததுதான். வாயை மூடிக்கிட்டேன். ஆனால் காது அந்தப் பக்கமே இருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டால் போய்விடுவேன். எனக்கே தெரியும். போகணும் என்றுதான் இருந்தது.

ஈர மண்ணில் உட்கார்ந்து கும்பிட்டேன்.

"அப்பா முனீஸ்வரா, அவளை மறுபடியும் கூப்பிட விடாதே."

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்கும்போதே அழுதேன்.

அவள் கூப்பிடவில்லை.

ரொம்ப நேரம் கழித்து மேலே ஒரு சத்தம். "அண்ணே!" நான் பேசவில்லை.

"அண்ணே! ஊமையா நீங்க? இங்க அட்டை என்னைத் தின்னுது. வாயத் தொறங்கண்ணே!"

டுரியான் தோட்டத்துக் காவல்காரர். அடிவாரத்தில் என் மோட்டார் சைக்கிள் ரொம்ப நேரமாக நிற்பதைப் பார்த்துத் தேடி வந்திருக்கார்.

"இருக்கேன் தம்பி."

"பேயின்னு நெனச்சீங்களா? பேய அட்டை கடிக்குமாண்ணே?" கையைக் கொடுத்தார். "அந்தப் பக்கம் போயிராதீங்க. நேரா பள்ளம்."

சரசு கூப்பிட்ட பக்கம்தான் அது.

அது அவளா, வேறு ஏதாவதா, தெரியாது. இப்பவும் சில நாள் அந்தக் குரல் காதில் கேட்கும். முனீஸ்வரர் பேரைச் சொல்வேன். நின்றுவிடும்.

இப்போதும் தனியாகத்தான் போகிறேன். ஆனால் போகிற இடத்தை மகளிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். மகளோடு மனசு விட்டுப் பேசவும் ஆரம்பித்திருக்கிறேன்.

அடியார்களே, நமக்கு வேண்டியதைத்தான் எப்போதும் கேட்கிறோம். ஆசைப்பட்டதைக் கொடுக்காதே என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதையும் அவர் கேட்பார். என் வேண்டுதலைக் கேட்டார்.